கை எடுத்தால் வருகிறவளுக்கு

இன்று சாயங்காலம் உங்கள் கடைக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளிருந்து வந்த வாசனையில், ஸ்குரூ டிரைவரைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. கருங்கல் தூசியும் சூடான ஒயரும் கலந்த வாசனை. எதிர்ப் பட்டறையில் நாள் முழுக்க உளி அடித்துப் பறக்கிற தூசி, ஃபேன் வழியாக உள்ளே போய் வருஷக்கணக்கில் வெந்து கிடக்கிறது. உன் துப்பட்டாவிலும் இதேதான் அடிக்கும். "ஊர்ல எல்லாரும் சென்ட் அடிச்சுகினு வராங்க, நான் கல்லடிச்சுகினு வரேன்" என்பாய். மூக்குக்கு மறதியே கிடையாது போலிருக்கிறது. மூளைக்காவது கொஞ்சம் இரக்கம் உண்டு.

நீ ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தாய். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கொண்டுபோனபோதும் உன் வால் சுருளவில்லை. "ஊசி போடற சிஸ்டருக்கு அந்த ரப்பர் பல்லிய எடுத்துகினு வாடி" என்று எனக்குச் செய்தி அனுப்பினாய். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பல்லியோடு வந்தேன். கட்டிலில் நீ இல்லை. அந்தப் பல்லி இன்னும் என் பையிலேதான் இருக்கிறது. எடுத்துப் போட முடியவில்லை, யார் மேலும் போடவும் முடியவில்லை.

நம் இரண்டு பேருக்கும் விளையாட்டு மைதானம் என்பது மாமல்லபுரத்தில் உங்கள் நெட் கடைதான். ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் ஆன்லைன் மனு. உன் அப்பா விட்டுப் போன பிறகு உன் அம்மா ஒற்றை ஆளாகக் கட்டி இழுக்கிற கடை. அவர் இல்லாத நேரத்தில் நாம் மவுஸின் அடியில் செல்லோ டேப் ஒட்டினோம். திரையைப் படம் எடுத்து அதையே வால்பேப்பராக வைத்துவிட்டு, ஐகான்களை எல்லாம் ஒளித்தோம். உன் அம்மா படத்தைக் குத்திக் குத்தி ஓய்ந்து, "இந்தச் சனியனுக்கு உயிரு போச்சு" என்று சொல்லும்வரை நாம் ஜெராக்ஸ் மிஷின் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம்.

அந்த ஸ்கிரீன்சேவரும் அப்படிப் பிறந்ததுதான். கடையைப் பார்த்துக்கொள் என்று உன்னை உட்கார வைத்துவிட்டு உன் அம்மா பின்னால் வீட்டில் சமைப்பார். நீ என்னோடு கோவளத்துக்கோ முட்டுக்காட்டுக்கோ பஸ் ஏறிவிடுவாய். திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர், "எங்கடி கீற?" என்று கூப்பிடுவார். பதில் வராது. திரும்பி வந்ததும் உனக்கு அர்ச்சனை. அதற்கு நீ கண்டுபிடித்த வழி, பதிலைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைப்பது. கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் விட்டால் திரை கறுத்து, நடுவில் பெரிய எழுத்தில் இரண்டு வார்த்தை மெதுவாகச் சுழலும்: இங்கதான் கீறேன்.

யூனிகோடில் அடித்தபோது கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நடந்தன. நீ விடவில்லை. கடையில் மனு அடிக்கிற பழைய எழுத்துருவைப் போட்டுச் சரிசெய்தாய். உன் அம்மா முதல் தடவை பார்த்தபோது துடைப்பத்தால் மானிட்டரை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். நான் ஸ்கிரீன்சேவர் வேண்டாம் என்று மாற்றிவைத்தேன். மறுநாள் கடை திறந்தால் மறுபடி சுழன்றுகொண்டிருந்தது. நீ கால் மேல் கால் போட்டுக்கொண்டு சிரித்தாய். "மவுஸ் கையில கீற வரைக்கும்தான்டி உனக்கு மவுசு. கை எடுத்தா நான் வருவேன். முடிஞ்சா எடுத்துப் பாரு கொசு."

கொசு என்று என்னைக் கூப்பிட்டது நீ ஒருத்திதான். இப்போது உன் அம்மாவும் கூப்பிடுகிறார்.

நீ போன பிறகு பல நாள் மூடிக் கிடந்த கடையை உன் அம்மா மறுபடி திறந்த காலையில் நானும் கூட இருந்தேன். சாம்பிராணி காட்டி, கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, யாரோ கொடுத்த ஆதார் அட்டையைக் கண்ணாடி போட்டு வாசித்துக்கொண்டிருந்தார். திரை கறுத்தது. நீ வந்தாய். வந்து, உன் வழக்கப்படி ஒயிலாக ஒரு சுற்றுச் சுற்றினாய். நான் பதறி மவுஸை நகர்த்தக் கையை நீட்டினேன். உன் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கை வெக்காத. கை வெச்சா போயிடுவா."

அன்றிலிருந்து அதுதான் கடையின் நடைமுறை. மனுவை அடித்துக்கொண்டே இருப்பவர் திடீரென்று மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். எதிரில் ஆள் நிற்கும். நீ வருகிறவரை அவர் அசையமாட்டார். அதற்குள் அரசாங்க வெப்சைட் தன்னால் மூடிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து உள்ளே போகச் சொல்லும். வந்தவர்கள் முதலில் பரிதாபப்பட்டார்கள், பிறகு பொறுத்தார்கள், பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடைக்குப் போனார்கள். ஒருநாள் அவர் என்னிடம், "அவ வர்ற நேரத்தக் கொஞ்சம் கொறச்சு வெய்யேன்" என்றார். குறைத்து வைத்தேன். வேறு என்ன செய்ய? யாரையும் பேச்சில் மடக்கிவிடுகிற வாய் எனக்கு என்று ஊரே சொல்லும். அந்த வாய் அன்றைக்கு லீவு.

பள்ளி விட்டால் கடை, கடை விட்டால் வீடு என்று ஆனது எனக்கு. போகாத நாளில் என் அம்மாவுக்கு ஃபோன் போட்டு, கொசு ஏன் வரவில்லை என்று கேட்பார். போனால் நானும் அவரும் சேர்ந்து உட்கார்ந்து கறுப்புத் திரையைப் பார்ப்போம். பன்னிரண்டாவது முடித்ததும் நாம் இரண்டு பேரும் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போவதாகப் போட்ட திட்டம் ஞாபகம் இருக்கிறதா? ஹாஸ்டல் வார்டனுக்கு என்னென்ன செய்யலாம் என்றுகூட முடிவு செய்திருந்தோம். நீ சுழல்வதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த பஸ் நான் இல்லாமலே கிளம்பிப் போவது மாதிரி இருக்கும்.

ஒரு யோசனை செய்தேன். நீ சுழல்வதை என் ஃபோனில் வீடியோ எடுத்து, எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் அத்த என்று உன் அம்மாவிடம் கொடுத்தேன். அவர் மரியாதைக்குப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது ஃபோன்ல கீது. அவ கடையில கீறா."

இதற்கிடையில் பெட்டி சூடேற ஆரம்பித்தது. ஸ்கிரீன்சேவர் என்பதே குண்டு மானிட்டர் காலத்துச் சங்கதி. ஒரே படம் நின்றால் கண்ணாடியில் தழும்பு விழும் என்று கண்டுபிடித்தது. இப்போதைய தட்டைத் திரைக்கு அதற்கு வேலையே இல்லை. ஆனால் அந்த முப்பரிமாண எழுத்தைச் சுழற்றுவதற்குள் அந்தக் கிழட்டுப் பெட்டிக்கு மூச்சு வாங்கும். தூசி வேறு. சில நேரம் நீ சுழலும்போதே அப்படியே உறைந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கடக் கடக் என்று சத்தம் வரும். உன் போட்டோ எல்லாம் அதற்குள்தான் இருந்தது. உன்னைப் பார்ப்பதற்காகவே உன்னைத் தொலைத்துவிடப் போகிறோம் என்று தோன்றியது.

பூஞ்சேரியிலிருந்து ஒரு அக்கா வந்தாள். நர்சிங் விண்ணப்பம், அன்றோடு கடைசி. எல்லாக் கட்டமும் நிரப்பியாகிவிட்டது. ஃபோனுக்கு வருகிற ஓ.டி.பி. எண்ணை அவள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் உன் அம்மா கையை எடுத்துவிட்டார். நீ வந்தாய், பாதி திரும்பினாய், நின்றுவிட்டாய். மவுஸ் நகரவில்லை.

"இன்னா ஆன்ட்டி, நின்னுடுச்சு?"

"கொஞ்சம் இரும்மா. திரும்புவா."

அந்த அக்கா யார் திரும்புவாள் என்று புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன். அடித்தது எல்லாம் போயிற்று. பெட்டி மறுபடி எழுந்திருக்கும்வரை காத்திருக்க அவளால் முடியவில்லை. சான்றிதழ்களை வாரிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கத்துக் கடைக்கு ஓடினாள். அங்கே முடித்துவிட்டேன் என்று மறுநாள் வந்து சொன்னாள். திட்டியிருந்தால்கூட உன் அம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் போன பிறகு உன் அம்மா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார். "கொசு, அவள அழிக்காம எடுக்க முடியுமா?"

முடியும் என்றேன். முதல் வேலையாக உன் போட்டோக்களையும் மற்ற எல்லாவற்றையும் பென்டிரைவில் இறக்கினேன். ஏதாவது கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப, கம்ப்யூட்டரில் ஒரு மீட்பு இடமும் குறித்துவைத்தேன். பிறகு ஸ்கிரீன்சேவர் வேண்டாம் என்று மாற்றி, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன். நீ வந்தாய். தெரிந்ததுதான்.

கம்ப்யூட்டர் எழும்போதே தானாக ஓடுகிறவை இருக்கும் ஸ்டார்ட்டப் ஃபோல்டரைத் திறந்தேன். பிரிண்டர் உதவி என்று ஒரு ஃபைல். பிரிண்டருக்கு நீ உதவி செய்து நான் பார்த்ததே இல்லை. திறந்தால் உன் கைவரிசை, ஸ்கிரீன்சேவரை மறுபடி உட்காரவைக்கிற இரண்டு வரி. ஊரில் யார் யாரோ ஸ்டார்ட்டப் என்று போர்டு மாட்டுகிறார்கள், நிஜமாகவே ஸ்டார்ட்டப்பில் உட்கார்ந்திருந்தது நீதான்டி. ஃபைலை அழிக்காமல் வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிட்டு, ஸ்கிரீன்சேவரையும் மறுபடி எடுத்துவிட்டு, அணைத்துப் போட்டேன்.

நீ மறுபடி வந்தாய். எனக்கு அழுகை முட்டியது. பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினேன். உன் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். ஐப்பசிக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். "பாத்தியா, போமாட்டேங்குறா. நீ ஒருத்தி, அவ ஒருத்தி. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் மாட்டிகினு கீறேன்."

கடைசியாக, குறித்த நேரத்தில் குறித்த வேலையைச் செய்யச் சொல்லும் டாஸ்க் பட்டியலைத் திறந்தேன். வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர்களாக வரிசை. அடியில் ஒரே ஒரு தமிழ்ப் பெயர்: கொசு. கடை திறந்து கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் ஓட வேண்டும் என்று அதற்குக் கட்டளை. எல்லார் மேலும் சந்தேகப்படுகிற நான் என் மேல் மட்டும் சந்தேகப்படமாட்டேன் என்று நீ கணக்குப் போட்டிருக்கிறாய். உன் அம்மாவிடம் காட்டினேன். அவர் அந்தப் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். அதில் அழிக்கவும் வழி இருக்கிறது, முடக்கி வைக்கவும் வழி இருக்கிறது. முடக்கிவிட்டு, ஸ்கிரீன்சேவரையும் கடைசியாக ஒரு தடவை எடுத்தேன். அணைத்துப் போட்டு இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நீ வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மானிட்டர் தானாக அணைந்தது. அணைந்த கண்ணாடியில் நாங்கள் இரண்டு பேர் தெரிந்தோம்.

ஆட்டத்தில் ஜெயித்தவள் மாதிரியே இல்லை. கூட்டம் மட்டும் திரும்பி வருகிறது. போன வாரம் அந்த நர்சிங் அக்கா தன் தங்கைக்கு விண்ணப்பம் போட இங்கேதான் வந்தாள். என் கல்லூரி விண்ணப்பத்தையும் இந்தக் கம்ப்யூட்டரில்தான் அடித்துவைத்திருக்கிறேன். எந்த ஊர் என்கிற கட்டம் மட்டும் இன்னும் காலி.

இன்றைக்குத் தூசியை பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தபோது, திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன் அம்மாவின் குரல் வந்தது. பழைய குரல், பழைய வேகம். "எங்கடி கீற?"

கூப்பிட்டு முடித்ததும் உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. யாரைக் கூப்பிட்டோம் என்று அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்கும். நான் மூச்சுவிடாமல் இருந்துவிடலாம். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். அந்த அமைதிக்குள் அவரைத் தனியாக விட்டுப் போக எனக்குக் கால் வரவில்லை.

"இங்கதான் கீறேன்" என்றேன்.

ரொம்ப நேரம் கழித்து ஒரு கரண்டி விழுந்தது. பிறகு ஸ்டவ் பற்றவைக்கிற சத்தம். "இரு, டீ எடுத்துகினு வரேன்."

கம்ப்யூட்டரில் கொசுவை முடக்கிவிட்டேன்தான். நீ அந்தப் பெயரில் எழுதிவைத்த வேலை முடங்கவில்லை. கடை திறந்தால் வர வேண்டும், கேட்டால் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து கத்தினால் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் கேட்காது. நன்றாக மாட்டிவிட்டுப் போயிருக்கிறாய். இந்த ஆட்டமும் உனக்கே என்று எழுதிக்கொள். மூடியைப் பொருத்தி ஸ்குரூவை இறுக்கிவிட்டேன். ஒரு ஸ்குரூ மட்டும் மிச்சம். அதையும் ரப்பர் பல்லியோடு என் பையில் போட்டுக்கொண்டேன்.