அரம் பட்ட இடம்

நாகசாகி
அக்டோபர் 28, சனி

அன்புள்ள ஷியோரிக்கு,

நாகி நடக்க ஆரம்பித்துவிட்டானாமே! நீ அனுப்பிய படத்தைக் கடையில் ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் “யாருங்க இந்தக் குண்டன்?” என்கிறார்கள்.

இத்துடன் வாளின் கைக்காப்புத் தகடு ஒன்று வருகிறது. இரும்பு. நாம் பார்த்த கொக்கு, அலை, செர்ரிப்பூ மாதிரி இல்லை. வட்டத்துக்குள் சிலுவை. கிறிஸ்தவம் தடைப்பட்டிருந்த காலத்தில் யாரோ வாளில் மறைத்து வைத்துக் கும்பிட்டது.

சொதோமேயில் இருக்கும் இவனாகா ஐயா வாங்குகிறார். அவர் வீட்டார் ஏழு தலைமுறையாக ஒளிந்து கும்பிட்டவர்கள். ஆனால் எடுத்துக் காட்ட ஒரு துண்டுகூட அவரிடம் இல்லை. நேற்று தகட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, “இது நெசந்தானம்மா?” என்று மூன்று தரம் கேட்டார். “என்கூட இந்தத் தொழில் படிச்ச தங்கச்சி எழுதிக் குடுப்பா. அவ சொன்னா மறுபேச்சு கிடையாது” என்றேன்.

சின்னம் என்ன என்று சொல்லும் குறிப்பை அவர் பெயருக்கே எழுது. முகவரி பெட்டிக்குள் இருக்கிறது. இந்த விற்பனை நடந்தால்தான் கடை புத்தாண்டைப் பார்க்கும்.

என் கடைக்காக நீ வேலை செய்வதாக நான் தரவேண்டிய பணிச் சான்றிதழை மறக்கவில்லை. பதினைந்தாம் தேதிக்குள் நகராட்சியில் கொடுக்காவிட்டால் நாகிக்குக் காப்பகத்தில் இடம் இல்லை, உனக்கு வேலையும் இல்லை. தெரியும். குறிப்பு வந்ததும் முத்திரை குத்தி அனுப்புகிறேன்.

உன் அக்கா
தோமோயோ


குமமோத்தோ
நவம்பர் 2, வியாழன்

அன்புள்ள தோமோயோ அக்காவுக்கு,

தகடு பத்திரமாக வந்தது. கூட வந்த கஸ்டெலா கேக் நாகியின் தலைமுடிவரை போய்ச் சேர்ந்தது.

மூன்று நாளாக அவன் மதியம் தூங்கும் நேரமெல்லாம் இதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, எழுதிவிடுகிறேன். அக்கா, இது சிலுவை இல்லை. தகட்டில் செதுக்கியிருப்பது குதிரைக் கடிவாளத்தின் வளையம். அதிலும் வட்டத்துக்குள் இப்படிக் குறுக்குக் கம்பிகள் உண்டு. உங்களுக்குத் தெரியாததா?

சந்தேகத்தின் பலனைச் சிலுவைக்கே கொடுத்திருப்பேன். ஆனால் கடிவாள வளையம் என்றால் தோல்வார் கோக்க வெளிப்பக்கம் ஒரு காது நீட்டிக்கொண்டிருக்கும். சரியாக அந்த இடத்தில், மேல் விளிம்பில், அரம் பட்டிருக்கிறது. சுற்றிலும் இருநூறு வருஷத்துக் கறுப்பு. அங்கே மட்டும் இளந்துரு.

யாரோ உங்களை ஏமாற்றி விற்றிருக்கிறார்கள். யாரிடம் வாங்கினீர்கள்? திருப்பிக் கொடுக்க முடியாதா?

ராத்திரி வேலை விட்டு வீட்டுக்கு வந்த ஷூஹெய்யிடம் சொன்னேன். “உங்க அக்கா சான்றிதழ் குடுக்கலேன்னா குழந்தையை முதுகுல கட்டிக்கிட்டு இரும்பு பாக்க வேண்டியதுதான்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபித்துக்கொள்ளாமல் பதில் எழுதுங்கள்.

உங்கள்
ஷியோரி


நாகசாகி
நவம்பர் 7, செவ்வாய்

ஷியோரி,

சின்னம் என்ன என்று கேட்டேன். துருவுக்கு ஜாதகம் கணிக்கச் சொல்லவில்லை.

அந்த இரண்டு காதும் இருந்தால் என்ன, போனால் என்ன? நடுவில் நிற்பது சிலுவைதானே? பார்க்கிற கண்ணுக்கு அது போதும்.

இவனாகா ஐயா நேற்று மறுபடியும் வந்தார், பேத்தியோடு. வீட்டு மாடத்தில் அதற்கு இடம் ஒதுக்கிவிட்டாராம். “எப்பம்மா திரும்பி வரும்?” என்றார். எண்பத்திரண்டு வயசு. சந்தோஷமாகக் கண்ணை மூடட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்? குழந்தை பெற்றபின் நீ ரொம்பத்தான் பயந்து சாகிறாய். எல்லாவற்றிலும் கிருமி தெரிகிறது உனக்கு.

சான்றிதழ் என் மேசைமேல் இருக்கிறது. முத்திரை ஒன்றுதான் பாக்கி. உன் தாள் வந்தால் என் தாள் வரும்.

நாகிக்கு முத்தம்.

தோமோயோ


குமமோத்தோ
நவம்பர் 10, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தரம் படித்தேன்.

நான் ஒரு காது என்றுதான் எழுதியிருந்தேன். நீங்கள் இரண்டு காது என்று எழுதியிருக்கிறீர்கள். தகட்டை ஜன்னல் வெயிலில் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். கீழ் விளிம்பிலும் அரம் பட்டிருக்கிறது. அதைக் கறுப்பேற்றி எவ்வளவு நன்றாக மறைத்திருக்கிறார்கள் என்றால், மூன்று நாள் பார்த்தும் என் கண்ணில் படவில்லை.

அரம் யார் கையில் இருந்தது என்று நான் கேட்கப் போவதில்லை.

நேற்று நகராட்சிக்குப் போனேன். “சான்றிதழ் இல்லாமலும் விண்ணப்பம் குடுக்கலாம்மா, ஆனா வரிசையில கடைசியாத்தான் நிப்பீங்க” என்றாள் அங்கிருந்த பெண். வீட்டுக்கு வந்து ஷூஹெய்யிடம் சொன்னேன். “அவ்வளவுதானே?” என்றார். அவ்வளவுதான் என்றேன். பிறகு குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

குறிப்பு இதுதான்: “கடிவாள வளையச் சின்னம். மேலும் கீழும் இருந்த இரு காதுகள் அண்மையில் அராவி நீக்கப்பட்டுள்ளன. சிலுவை அல்ல.” நீங்கள் சொன்னபடியே இவனாகா ஐயா பெயருக்கு எழுதி, இன்று காலை சாதாரணத் தபாலில் சேர்த்துவிட்டேன். சனியும் ஞாயிறும் பட்டுவாடா இல்லை. திங்கட்கிழமைதான் அவர் கைக்குப் போகும்.

தகடும் இந்தக் கடிதமும் விரைவுப் பார்சலில் வருகின்றன. நாளைக் காலையே உங்களுக்குக் கிடைத்துவிடும். அதற்காகத்தான் இரண்டையும் வேறுவேறாக அனுப்பினேன். சொதோமேக்குப் பஸ் இருக்கிறது. அவர் என் உறையைப் பிரிக்கும் முன்னால் நீங்களே அவர் எதிரில் உட்கார்ந்து சொல்லிவிடலாம்.

போய்விட்டு வாருங்கள், அக்கா.

ஷியோரி