சமையலறைக்கு வரும் ஃபைபர்

மஸ்கட்

அன்புள்ள மாரிக்கனிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? அத்தை மாத்திரை சாப்பிடுகிறார்களா?

போன வாரம் இங்கே நம் சேத்தூர்க்காரர் ஒருவர் வீட்டில் இன்டர்நெட்டுக்கான ஃபைபர் கேபிளைச் சுவருக்குள் மறைத்தேன். அவர் வந்து பார்த்து, "ஏலே, வேலையே பாக்கலையே, ஒயரு எங்க?" என்று சத்தம் போட்டார். ஒரு முனையில் சிவப்பு விளக்கு அடித்து, மறுமுனையில் ஒளியைக் காட்டிய பிறகுதான் சிரித்தார்.

நம் புது வீட்டிலும் ஃபைபருக்குச் சுவருக்குள் பைப் பதிக்க வேண்டும்; பூசும் முன் ராஜரத்தினம் கொத்தனாரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. போனில் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். "அம்புட்டுத்தானே, மூலையில ஒரு எல்போ போட்டுருவோம்" என்பார். விடாதே. உள்ளே போவது கண்ணாடி இழை, எல்போவின் வெடுக்கென்ற திருப்பத்தில் ஒடிந்துவிடும். ராஜபாளையத்தில் மெல்ல வளையும் பெண்டு பைப் வாங்கிப் போடட்டும்.

வைஃபை பெட்டி ஹாலில் வேண்டாம், சமையலறையில் இருக்கட்டும். ஏன் என்று கேட்டால் சிக்னலுக்காக என்று சொல்.

நீ சமைக்கும்போது வீடியோ காலில் உன் முகம் விட்டுவிட்டு வராமல் எனக்குத் தெரிய வேண்டும். இந்த வரியை மட்டும் மடித்துவிட்டு அவரிடம் காட்டு. வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது.

உன்
முத்துவீரன்