ஒரு சாண் உயரத்திலிருந்து

2.1.79, செவ்வாய்

குளிர். எட்டு மணி வரை மலையே தெரியவில்லை. ஸ்டோரில் ஏலக்காய் பொறுக்கும் பெண்களில் பாதிப் பேர் வரவில்லை, காய்ச்சலாம். கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். விரலெல்லாம் வாசம்.

வாங்க வேண்டியது: பந்துக்கு பிளாடர். விசில் (பழையதை நடுவர் குஞ்சுமோன் மிதித்து உடைத்துவிட்டார்). பனியனில் நம்பர் எழுதச் சிவப்புப் பெயிண்ட். என் முழங்காலுக்குத் தைலம்.

மாலை ஆற்றோர மைதானத்தில் பயிற்சி. கேப்டன் செல்வராஜ், என் அத்தை மகன், வழக்கம்போல் தாமதம். கருப்பையா நேரத்துக்கு வந்துவிட்டான். மலையில் காய் எடுத்துவிட்டு, ஜீப்பில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மைதானம். இடது காலால் அவனைப் போல அடிக்க இந்த ஊரில் ஆள் கிடையாது.

எங்கள் கால்பந்து மன்றத்துப் போர்டை மறுபடி எழுதியாயிற்று. 'பந்துக்குச் சாதி தெரியாது.' என் வாசகம்தான். எங்கள் தெரு ஆட்களையும் ஊருக்கு வெளியே இருக்கிற காலனி ஆட்களையும் ஒரே பந்தை உதைக்க வைக்கிறேன் என்று ஒன்றரை வருடம் முன்பு சொன்னபோது ஊரே சிரித்தது. அம்மா மூன்று நாள் பேசவில்லை. இன்று பதினொரு பேர். எங்கள் தெரு ஆறு, கருப்பையாவோடு சேர்த்துக் காலனி ஐந்து. போர்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று ஏன் எழுத வேண்டும்.

21ஆம் தேதி பெரியகுளத்து அணியோடு ஆட்டம், நம் மைதானத்தில். ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால் வேறு தெருப் பையன்களும் வந்து சேருவார்கள்.

7.1.79, ஞாயிறு

மேலே எஸ்டேட்டில் ஆட்டம். காலையில் ஜீப்பு ஏறி, குமட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். எஸ்டேட் சூப்பர்வைசர் குஞ்சுமோன்தான் நடுவர். தொடுபுழைக்காரர், வாயில் பாதி தமிழ் பாதி மலையாளம். மைதானம் ஒரு பக்கம் சரிவு. பந்து உருண்டால் ஏலத்தோட்டத்துக்குள் போய்விடும், தேடினால் காலெல்லாம் அட்டை. எத்தனை தடவை உருண்டதோ. கருப்பையாதான் இறங்கி இறங்கி எடுத்து வந்தான். வேகமானவன்.

2-1, ஜெயித்தோம். இரண்டாவது கோல் கருப்பையா. செல்வராஜ் ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினான். வியர்வையோடு வியர்வை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்குத்தானே இத்தனை பாடும்.

ஆனால் திரும்பும்போது நடந்ததைத்தான் எழுத வேண்டும்.

ஜீப்பு ஒரு வளைவில் நின்றது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற. கருப்பையா என் பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, ஒண்ணு கேட்டாக் கோவிக்க மாட்டீகளே?"

"கேளுடா."

"இடைவேளையில எலுமிச்சம்பழம் குடுக்குறீக. அவுகளுக்குத் தட்டை நீட்டுறீக, அவுகளே எடுத்துக்கிறாக. எங்களுக்கு மட்டும் கையில போடுறீக. அதுவும் மேலேருந்து."

"மேலேருந்தா?"

"ஒரு சாண் இருக்கும்ணே."

நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை. "அப்படியெல்லாம் இல்லடா, ஒனக்கு அப்படித் தோணுது" என்றேன். அவன் சரிண்ணே என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

8.1.79, திங்கள்

தூக்கமில்லை. ஸ்டோரில் கூட்டல் மூன்று தடவை தப்பு.

காலையில் சமையலறையில் யாரும் இல்லாதபோது ஒரு பழத்தை நாலாக அறுத்து, உப்புத் தொட்டு, எதிரே ஆள் நிற்பதாக நினைத்துக் கொடுத்துப் பார்த்தேன். முதலில் செல்வராஜ். தட்டு முன்னால் போனது. அடுத்து கருப்பையா. கை தானாக உயர்ந்தது. நான் உயர்த்தவில்லை, சத்தியமாக உயர்த்தவில்லை. யார் சொல்லிக் கொடுத்தார்கள் இந்தக் கைக்கு? அம்மா களை எடுக்க வருகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான். அதுவே போதுமா?

நினைவுக்கு வருகிறவை, வந்த வரிசையில்:

ஜீப்பில் எங்கள் தெரு ஆறு பேரும் சீட்டில். காலனி ஐந்து பேரும் பின்னால் தொங்கிக்கொண்டு. நான் யாரையும் அப்படி நிற்கச் சொன்னதில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னதும் இல்லை.

பந்து சரிவில் உருண்டபோது செல்வராஜ் பக்கத்தில்தான் நின்றான். அவன் நகரவே இல்லை. நானும் "கருப்பையா, வெரசா எடுத்தா" என்றுதான் கத்தினேன்.

போர்டில் எழுதியது யார்? நான். பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது? கருப்பையா.

சே.

10.1.79, புதன்

கருப்பையா பயிற்சிக்கு வரவில்லை. நேற்றும் வரவில்லை.

செல்வராஜிடம் கேட்டேன். "மேலே சோலி அதிகமா இருக்கும். அவனுக்காக நீ ஏன் மாப்ளே மொகத்த தொங்கப் போட்டிருக்க?" பிறகு, "அவன் இல்லாட்டி 21ஆம் தேதி நாறிப்போகும். போய்க் கூட்டியா."

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்குக் குழப்பம். கெட்டவனாக இருந்தால் எவ்வளவு சுலபம்.

12.1.79, வெள்ளி

ஸ்டோரில் அரைநாள் லீவு. காலனிக்குப் போனேன். ஒன்றரை வருடத்தில் முதல் தடவை. அவர்கள் என் வீட்டு வாசல் வரை எத்தனையோ தடவை வந்திருக்கிறார்கள். வாசல் வரை.

கருப்பையாவின் அம்மா வெளியே ஓடி வந்தார். "வாங்க சாமி."

"சாமியெல்லாம் வேணாம் ஆத்தா. பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

அவர் பெயர் சொல்லவும் இல்லை, சாமி என்பதை விடவும் இல்லை. செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நல்ல தாகம். அண்ணாந்து கடகடவென்று ஊற்றிக்கொண்டேன். பாதியில் திக்கென்றது. உதடு படாமல் குடிக்கிறேனே, ஒரு சாண் உயரம் இங்கேயும் வந்துவிட்டதா? கருப்பையா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். புரையேறிவிட்டது.

"இன்னும் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கேட்டு வாங்கி, இந்தத் தடவை செம்பை உதட்டில் வைத்துக் குடித்தேன். எல்லோரும் பார்க்கும்படி, நிதானமாக.

பிறகு அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். "எச்சி பண்ணிட்டீகளே சாமி. பிள்ளைக எல்லாம் அதுலதான குடிக்கும்." செம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய், சாம்பல் போட்டு, புளி போட்டு, தேய்த்தார், தேய்த்தார், அப்படித் தேய்த்தார்.

கருப்பையா சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு. எனக்குக் கோபம் வந்தது, வெட்கம் வந்தது, கடைசியில் நானும் சிரித்தேன்.

"அப்ப நான் எப்படித்தாண்டா குடிக்கணும்?"

"தவிச்சாத் தண்ணி குடிக்கணும்ணே. பரீச்சை எழுதுற மாதிரியா குடிப்பாக?"

மன்னிப்புக் கேட்டேன், பழத்துக்காக. நீ சொன்னது நிசம், எனக்கே தெரியாமல் செய்திருக்கிறேன் என்றேன். தெரியாமல் என்பதை அவன் நம்பினானா தெரியவில்லை. கொஞ்ச நேரம் கட்டில் கயிற்றைச் சுண்டிக்கொண்டிருந்தான்.

"இருபத்தொண்ணாந் தேதி வர்றேன். ஆனா பழத்தை நான் அறுக்குறேன். நானே எல்லாத்துக்கும் குடுக்குறேன். சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். எதுவும் யோசிக்காமல்.

வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்குச் செய்தி முன்பே வந்து சேர்ந்திருக்கிறது. வாசலிலேயே நிறுத்தினாள். "குளிச்சிட்டு உள்ள வா." குளித்தேன். நடந்து வந்த வியர்வை இருந்தது. வியர்வைக்காகத்தான் குளித்தேன் என்று எழுதினேன், எழுதியதைப் படித்தேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை.

16.1.79, செவ்வாய்

பொங்கல் முடிந்தது. கரும்பு தின்று நாக்கெல்லாம் புண்.

செல்வராஜிடம் பழ விஷயத்தைச் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன். ஒரு தடவை அவன் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். ஒரு தடவை அத்தை பக்கத்தில் இருந்தார். மூன்றாவது தடவை ஒரு தடையும் இல்லை, சும்மாவே சொல்லவில்லை.

முன்னால் சொன்னால் ஆட்டத்துக்கே வரமாட்டார்கள். சொல்லாமல் தட்டை நீட்டினால் அது பொறி வைப்பது போல. எது நியாயம்? செல்வராஜுக்கும் நான் நியாயம் செய்ய வேண்டுமா இல்லையா? மண்டை வலிக்கிறது. தைலம் முழங்காலுக்கு வாங்கியது, நெற்றியில் தேய்த்துக்கொண்டேன்.

21.1.79, ஞாயிறு

ஆட்டம் மூன்றரைக்கு. வெயில் சுள்ளென்று. ராசிங்காபுரத்திலிருந்தெல்லாம் டிராக்டரில் ஆள் வந்திருந்தது. குஞ்சுமோன் புது விசிலோடு.

இடைவேளை வரை 0-0. எல்லோரும் வேப்பமரத்தடியில் வந்து விழுந்தார்கள். கருப்பையா பையிலிருந்து கத்தியும் பழமும் எடுத்தான். அறுத்தான், உப்புத் தூவினான், தட்டில் அடுக்கினான். அவ்வளவு நிதானமாக ஒருவன் எலுமிச்சம்பழம் அறுத்து நான் பார்த்ததில்லை.

முதலில் எனக்கு. எடுத்தேன். அவன் விரல் பட்டது. பெரிதாக ஏதோ ஆகும் என்று எதிர்பார்த்தேன் போல. ஒன்றும் ஆகவில்லை. புளித்தது.

காலனி நான்கு பேரும் எடுத்தார்கள். எங்கள் தெருவில் இளையவர்கள் இரண்டு பேர், ஒருவரையொருவர் பார்த்துவிட்டு எடுத்தார்கள். அடுத்து செல்வராஜ்.

"எனக்கு வேணாம். பல்லு கூசுது."

கோல்கீப்பர்: "தாகமில்ல." நாக்கு வெளியே தள்ளியிருக்கிறது, தாகமில்லையாம். இன்னும் இரண்டு பேர் ஷூ நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்கள்.

கருப்பையா தட்டை நீட்டியபடியே நின்றான். செல்வராஜ் முன்னால் கொஞ்சம் அதிக நேரம். பிறகு தன் பழத் துண்டைச் சப்பிக்கொண்டே மைதானத்துக்குப் போனான். தட்டில் நான்கு துண்டு. நான் ஏதாவது பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில், செல்வராஜ் பந்தை வலது ஓரத்திலிருந்து கருப்பையாவுக்கு உயர்த்திக் கொடுத்தான். கொடுத்தான், மறைக்கக் கூடாது. இடது கால். கோல். செல்வராஜ் ஓடிவந்து கட்டிக்கொண்டான், கழுத்தோடு சேர்த்து, கன்னம் கன்னத்தில் பட. பிறகு ஞாபகம் வந்தவன் போலக் கையை எடுத்துவிட்டுத் திரும்பி நடந்தான்.

1-0. ஜெயித்தோம். கன்னம் படலாம், பழம் ஆகாது. இதை எந்தக் கணக்கில் வைப்பது? ஒருவர் முகத்திலும் ஜெயித்த களை இல்லை.

22.1.79, திங்கள்

விடிந்து பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது செல்வராஜ் வந்தான். கையில் நான்கு பனியன், துவைத்து மடித்து.

"வெளையாடுறதுக்கு நாங்க என்னைக்காவது மாட்டேம்னு சொன்னமா மாப்ளே? சேர்ந்துதான ஆடுனோம்."

"ஆமா."

"அதோட விட்டிருக்கலாம்ல. அவன் குடுத்து நாங்க திங்கணும்னு நீ எதுக்குச் சோதிச்சுப் பாக்குற? ஊரே பாத்துச்சு. வீட்ல எங்கப்பா சோறு போடாதேன்னுட்டார்."

"பழத்தை நீ வாங்கலையேடா. பிறகு எதுக்குச் சோறு போட மாட்டாராம்?"

"வாங்கல. ஆனா கோல் போட்டதும் கட்டிப்புடிச்சேன்ல." பனியனைக் கொடியில் போட்டுவிட்டுப் போனான். கூப்பிட்டேன். திரும்பவில்லை. ஸ்டோருக்குப் போகாமல் உட்கார்ந்து அழுதேன். யாருக்காக என்று தெரியவில்லை, செல்வராஜுக்காகவும் இருக்கலாம்.

மாலை பயிற்சிக்கு ஏழு பேர். காலனி ஐந்து, எங்கள் தெரு இரண்டு. மன்றத்தை மூடிவிடலாம் என்று சொல்லத்தான் போனேன். வரும் ஞாயிறு மேலே ஆட்டம் வேறு இருக்கிறது. ஜீப்பில் இறங்கி வந்திருந்த குஞ்சுமோனிடம், ஆட்டத்தை ரத்து செய்துவிடுங்கள், பாதி அணிதான் இருக்கிறது என்றேன்.

"எந்தினா ரத்து? ஏழு பேர் மதி. நியமம் உண்டு."

ஏழு பேர் இருந்தால் போதுமாம். ஆறானால்தான் ஆட்டம் செல்லாதாம். கருப்பையா ஏழு பேரையும் விரல் விட்டு எண்ணினான்.

"எல்லாம் ஓடுற ஆளுகதான். கோல்ல யாருண்ணே நிப்பா?"

எனக்கு முழங்கால் மடங்காது. பந்து பிடித்து ஐந்து வருடம் ஆகிறது. அப்போதும் ஒழுங்காகப் பிடித்ததில்லை.

கொடியிலிருந்து எடுத்து வந்திருந்த பனியனில் ஒன்றாம் நம்பரைத் தேடிப் போட்டுக்கொண்டேன். வயிற்றில் பிடிக்கிறது.