வளைவில் வழுக்காத கார்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

வேகத்துக்காகவே அண்ணன் வாங்கிய பழைய கார் அது. பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ளும். போன மழைக்காலத்தில் வாலாஜா வளைவில் பின்பக்கம் வழுக்கிப் புளியமரத்தில் மோதியது. அண்ணன் வீடு திரும்பவில்லை.

ரிப்பேர் முடிந்து, மோதிய அன்று இருந்த பின் டயர்களை இன்றுதான் மெக்கானிக் பாய் கழற்றிப் புதுசு போட்டார்.

"டயர் பட்டன் தேயல. ஆனா ரப்பர் கல்லா போச்சுப்பா. ஈரத்துல இன்னாத்த புடிக்கும்?" என்றார்.

கூடவே நின்று கேட்ட அண்ணி, பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, "அந்த வளைவுக்கே போ தம்பி" என்றார்.

தூறல். வேகத்தைக் குறைக்காமல் திருப்பினேன். கார் ரோட்டைக் கவ்விக்கொண்டு திரும்பியது.

"வெறும் டயரு... இவ்ளோதானா தம்பி?" என்று கேட்டார் அண்ணி.

வீடு வந்தும் அவர் இறங்கவில்லை. இன்னும் காரில்தான் இருக்கிறார். போய்க் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.