குழாயில் மாறிய பெயர்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள். நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், இந்தத் தடவை அதைக் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொல்ல வழியில்லை, உங்கப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

போன வாரம் நீ ஏற்பாடு செய்தபடி லேப்காரப் பெண் வீட்டுக்கே வந்து எங்கள் இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தாள். எப்போதும் டெஸ்டுக்கு முன்னால், தன் சர்க்கரை ஏறியது தெரியக்கூடாதென்று, உங்கப்பா இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாகிவிடுவார். இது மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டிக்கொடுக்கும் டெஸ்ட் என்று அவள் சொன்னதும் முகம் தொங்கிவிட்டது. குழாய்களில் பெயர்ச்சீட்டை ஒட்டிவிட்டு அவள் கை கழுவப் போனாள், நான் துண்டு எடுக்கப் போனேன். அதற்குள் இவர் இரண்டு சீட்டையும் உரித்து மாற்றி ஒட்டிவிட்டார். எனக்குத்தான் சர்க்கரையே கிடையாதே, என் ரத்தத்தை வைத்து உன்னிடம் நல்ல பெயர் வாங்கிவிடலாம் என்று நினைப்பு.

சாயங்காலம் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, சர்க்கரை எக்கச்சக்கமா ஏறிக்கிடக்கு, அம்மாவைப் பாத்துக் கத்துக்கோங்க என்று நீ போனில் அவரைப் பிடிபிடியென்று பிடித்தாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சர்க்கரை போடாத காபி ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்குக் காபி போட்டது அதுதான் முதல் தடவை. என்ன விஷயம் என்றேன். அது என் ரத்தம் இல்லடி, உன்னோடது என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டார். பாதம் எரிவது சர்க்கரையால் என்று தெரியாமல் நான் இத்தனை நாள் செருப்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் லேப்புக்கே போய் மறுபடி கொடுத்தோம். அவள் சீட்டு எழுதும்போது உங்கப்பா பக்கத்தில் நின்று என் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தார். முதலில் வந்த அதே அளவுதான் இப்போது என் பெயரில் வந்தது. மாத்திரையும் நடையும் இருந்தால் கட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தன்னால்தான் கண்டுபிடிக்க முடிந்தது என்று இவர் சொல்லித் திரிகிறார். மாற்றாமல் விட்டிருந்தாலும் தெரிந்திருக்குமே என்றேன், காதில் வாங்கவில்லை. நீ பாராட்டிய ரிப்போர்ட் அவருடையதுதான். சும்மா இருந்திருந்தால் வாழ்நாளில் முதல் நல்ல பெயர் கிடைத்திருக்கும்.

உன்னிடம் சொல்லாதே என்று கெஞ்சினார், சொல்லிவிட்டேன். அடுத்த தடவை பேசும்போது அந்தப் பாராட்டை அவருக்குக் கொடுத்துவிடு, பாவம். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் சர்க்கரை இருந்தால் பிள்ளையும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம், தள்ளிப்போடாமல் நீயும் ரத்தம் கொடுத்துப் பார். நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல் நீடூழி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நீ திட்டியிருக்க வேண்டிய அம்மா