லோத்தோங்குகளுக்கு ஒரு பாலம்

9 மே 2025, வெள்ளி

பாலிக் புலாவ் காட்டுக்குப் போய்வந்து குளித்த பிறகும் உடம்பில் செம்மண் வாசனை போகவில்லை. பாலம் கட்டியாகிவிட்டது. பாலம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தீயணைப்பு நிலையத்தில் கழித்துப்போட்ட தண்ணீர்க் குழாய்களைப் பட்டையாகப் பின்னி, புதுச் சாலையின் இந்தப் பக்க மரத்திலிருந்து அந்தப் பக்க மரத்துக்கு இழுத்துக் கட்டியிருக்கிறோம். வீடமைப்புக்காரர்கள் சாலை போட்டதில் காடு இரண்டாகப் பிளந்துவிட்டது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்குகள், லோத்தோங், மேட்டுப் பக்கம் இருக்கின்றன. அவற்றுக்குத் தீனி தரும் மரங்கள் பள்ளத்துப் பக்கம். இடையில் லாரி. போன மாதம் ஒன்று அடிபட்டுச் செத்தது.

வீடமைப்புத் திட்ட மேலாளர் தயாளன் கெட்டவன் இல்லை. "ஆகஸ்டு வரைக்கும் டைம் லா, அக்கா. அதுக்குள்ள குரங்கு ஏறலன்னா பாலத்தக் கழட்டிட்டு பள்ளத்துப் பக்க மரத்தயும் வெட்டச் சொல்றாங்க. குரங்கே வராத எடத்துல மரம் எதுக்குன்னு கேக்கறாரு போஸ்."

மரங்கள் போனால் அந்தக் கூட்டம் பட்டினி. அவ்வளவுதான்.

17 மே

ஏறவில்லை.

29 மே, வியாழன்

இன்னும் இல்லை. பாலத்துக் கேமராவில் அணில் வருகிறது. ஒரு மைனா வந்து உட்கார்ந்து, எச்சம் போட்டுவிட்டுப் போகிறது. பல்கலைக்கழகத்தில் படித்ததெல்லாம் மைனாவுக்குக் கழிப்பறை கட்டத்தானா?

சாப்பிடும்போது இவர் கேட்டார்: "இன்னிக்காச்சும் ஏறுச்சா?" தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறார் இவர். அந்தச் சாலை வழியாகத்தான் தினமும் போய்வருகிறார். "ஏறுனா சொல்ல மாட்டனா?" என்று எரிந்து விழுந்தேன். பெரிய மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.

குரங்கின்மேல் காட்ட முடியாததை இவர்மேல் காட்டுகிறேன். தெரிந்தேதான் செய்கிறேன். நல்ல பெண்டாட்டி நான்.

14 ஜூன், சனி

குட்டி போட்டிருக்கிறது! கறுத்த தாயின் வயிற்றில் ஆரஞ்சு நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆய்வு செய்கிற விலங்குக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பார்கள். நான் வைக்கவில்லை. திரையைப் பார்த்து "தங்கம்" என்றேன், அது பெயர் ஆகாது.

ஆனால் நேற்று மாலை அந்தத் தாய் பாலத்தின் முனைவரை வந்து, தொட்டுப் பார்த்துவிட்டு, மரத்தைவிட்டு இறங்கிச் சாலையில் நடந்தே கடந்தாள். குட்டியோடு. லாரி ஒன்று சறுக்கிக்கொண்டு நின்றது. ஏண்டி இறங்குற? மேலதான் வழி இருக்கே!

21 ஜூன், சனி

பழைய படங்களையெல்லாம் மறுபடி பார்த்தேன். மற்ற நாள்களில் மேட்டுப் பக்க மரத்திலேயே இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலையானால் கூட்டமே தரையில் இறங்கிக் கடக்கிறது. குரங்குக்கு ஏது கிழமை?

பள்ளத்துப் பக்கம், அவர்கள் கடந்து போய்ச் சேரும் இடத்தில் இருக்கும் முனியாண்டி கோயிலைப் பார்த்தபடி இன்னொரு கேமரா வைத்துவிட்டு வந்தேன்.

28 ஜூன், சனி

கேமராவில் இருந்தது என் வீட்டுக்காரர்.

பஸ்ஸை ஓரம் கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறார். முனியாண்டிக்கு முன்னால் இலை போட்டு ஒரு சீப்பு வாழைப்பழம் வைக்கிறார். சூடம் ஏற்றுகிறார். குரலும் பதிவாகியிருக்கிறது: "அப்பனே, காமினி கட்டுன பாலத்துல அதுங்கள ஏத்தி வுட்டுரு. அவ சரியா தூங்கறதே இல்ல."

அவர் பஸ் போன சிறிது நேரத்தில் லோத்தோங்குகள் சாலையைக் கடந்து வந்து பழத்தை உரித்துத் தின்கின்றன. இலை தின்னும் சாதிதான், ஆனாலும் இனிப்பை யார் வேண்டாம் என்பார்கள்? பக்கத்திலேயே 'குரங்குகளுக்கு உணவளிக்காதீர்' என்று நான் நட்ட பலகை.

சிரித்தேன். பிறகு அழுதேன். இந்த மனுஷனை நான் என்ன செய்ய?

29 ஜூன், ஞாயிறு

காட்டினேன். முதலில் முறைத்தார். "நான் முனியாண்டிக்குத்தானே வச்சேன். அதுங்களுக்கா வச்சேன்?" பிறகு லாரி சறுக்கி நின்ற படத்தைப் போட்டேன். முகம் செத்துவிட்டது. "கைக்கொழந்தக்காரி. நானே கொன்னுருப்பனே, காமினி."

இல்லைங்க, இல்லைங்க என்று கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்காகச் சாமியிடம் போய் நின்றவரை நான் எதைச் சொல்லித் திட்ட? இந்தப் படத்தைக் காட்டினால் அவகாசம் நீட்டித்துக் கேட்கலாம். பழம் இருந்தவரை பாலத்தைச் சோதித்ததாகவே ஆகாது. ஆனால் இவர் முகத்தை எல்லாரும் பார்ப்பார்கள். எனக்கு மனசு வரவில்லை. இவரே சொன்னார்: "காட்டிரு. சிரிச்சா சிரிக்கட்டும்."

2 ஜூலை, புதன்

திட்ட அலுவலகத்தில் படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். தயாளன் மட்டும் சிரிக்கவில்லை. "நம்ம லோகேஸ்வரன் அண்ணனா இது? நம்ம சைட் ஆளுங்களும் அங்கதான் தேங்கா ஒடைக்கறாங்க, போஸ். எல்லாத்தயும் நிறுத்தணும்" என்றான். செப்டம்பர் கடைசிவரை நீட்டித்திருக்கிறார்கள். படைக்கிற பழம் தேங்காயை அங்கேயே பங்கிட்டுத் தின்றுவிட வேண்டும், இலையில் ஒன்றும் விடக் கூடாது என்று பேச்சு. வெள்ளிக்கிழமைகளில் நின்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

15 ஆகஸ்டு

தரையில் இறங்குவதை விட்டுவிட்டார்கள். பாலத்திலும் ஏறவில்லை. மேட்டுப் பக்கம் மரங்கள் மொட்டையாகிக்கொண்டே வருகின்றன. பழத்தையும் பிடுங்கி, வழியையும் காட்டாமல் விட்டுவிட்டேனோ?

30 ஆகஸ்டு

ஓர் இளவட்டம் பாலத்தில் பாதிவரை வந்து திரும்பிப் போனது. பாதி! தயாளனுக்குப் படம் அனுப்பினேன். கை கூப்புகிற பொம்மை அனுப்பினான்.

12 செப்டம்பர், வெள்ளி

மாலையில் நான் சாலையோரம் தொலைநோக்கியோடு நின்றேன். முதலில் அந்த இளவட்டம் மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. பின்னாலேயே இரண்டு பெரியவை. அப்புறம் அவள், குட்டியை வயிற்றில் அணைத்துக்கொண்டு, குழாயை ஒவ்வொரு அடியாகத் தொட்டுத் தொட்டு.

அப்போதுதான் இவர் பஸ் வந்தது. மேலே பார்த்துவிட்டுப் பாலத்துக்கு வெகு முன்னாலேயே நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. இவர் இறங்கிப்போய் ஏதோ சொல்ல, அதுவும் அடங்கியது. பஸ்ஸில் வேலை முடிந்து களைத்துப்போன பெண்கள் ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. சன்னல் சன்னலாகத் தலை மேலே தூக்கியிருந்தது.

அவள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, கிளையில் சாய்ந்து உட்கார்ந்து, குட்டிக்குப் பால் கொடுத்தாள். குட்டி குடித்து முடிக்கும்வரை இவர் எஞ்சினைப் போடவேயில்லை.