ஒரு ரிங் போதும்

மார்ச் 4, செவ்வாய்

துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்தினேன். பிறகு காலை நீட்டித் தூக்கினேன். பயிற்சியை முடித்ததும் வழக்கம்போல் அண்ணனுக்கு ஒரு மிஸ்டு கால். ஆபரேஷன் முடிந்து நான் வீடு வந்த அன்றே அவர் போட்ட ஏற்பாடு இது. “பேசணும்னு இல்ல. முடிச்சதும் ஒரு ரிங் விட்டு கட் பண்ணிடு, போதும்.” எங்கள் வீட்டில் பாசத்துக்கு அவ்வளவுதான் பேச வரும். இருந்தாலும் நாள் முழுக்க எனக்கென்று இருப்பது அந்த ஒரு ரிங்தான்.

வேலை பார்க்கும் மருந்துக்கடையில் என்னை இன்னும் பில் போடத்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். மேல் தட்டுக்கு ஏணியில் ஏறுவது புதிதாக வந்த பெண். எது எங்கே இருக்கிறது என்று நான் கீழேயிருந்து கத்துகிறேன். இருக்கட்டும், அடுத்த மாதம் ஏணி என்னுடையது.

மார்ச் 9, ஞாயிறு

குளியலறையில் வழுக்கி விழுந்தேன். அதே கால்.

கூப்பிட ஆளில்லை என்று தெரிந்தும் “யாராவது” என்று வாயில் வந்துவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. பெரிய சேதம் இல்லையாம், ஆனால் முதலிலிருந்து தொடங்கணுமாம். பிசியோ சிரித்துக்கொண்டே சொல்கிறார். முதல்லேர்ந்தா? அப்ப இத்தன நாள் பட்ட பாடு? ஏணியும் வேணாம், ஒண்ணும் வேணாம் போ.

மார்ச் 14

செய்யவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

இன்றும் இல்லை. விழுந்ததை அண்ணனிடம் சொல்லவில்லை. ஏன் ரிங் வரவில்லை என்று அவரும் கேட்கவில்லை. நான் விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன? தொல்லை விட்டது என்று இருக்கிறாரோ? கோபம் கோபமாக வருகிறது. அழுகையும்தான்.

மார்ச் 22, சனி

அண்ணன் வெளியே போன நேரம் பார்த்து அண்ணி கூப்பிட்டார். போன வருடம் நெஞ்சுவலி வந்ததிலிருந்து அண்ணனை டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருப்பது எனக்குத் தெரியும். என் ரிங் வந்த பிறகுதான் அவர் ஷூவை மாட்டுவார் என்பது தெரியாது. “உன் ரிங் வரலன்னதும் இவரும் நடக்கப் போகல. போன் பண்ணுங்கன்னா, கேட்டா நீ செய்யலன்னு சொல்லிக்காட்டுற மாதிரி ஆயிடும்ங்கிறாரு.”

விழுந்த கதையைச் சொன்னேன். நன்றாகத் திட்டினார். ஒரே வயிற்றில் இரண்டு கல்லுளிமங்கன்களாம்.

மார்ச் 23, ஞாயிறு

துண்டை எடுத்தேன். பாதியிலேயே வலி. பாதிக்கு ரிங் விட மனம் ஒப்பவில்லை.

மார்ச் 24, திங்கள்

கடையிலிருந்து வந்து விளக்குகூடப் போடாமல் கிடந்தேன். போன் அடித்தது. அண்ணன். பதறிப்போய் எடுத்துவிட்டேன்.

“ஏன் எடுத்த?” என்றார்.

“தெரியாம எடுத்துட்டேன்.”

அவர் பக்கம் ஏதோ வண்டி போகும் சத்தம்.

“முடிச்சிட்டியா?”

“பாதியிலயே வலிக்குதுண்ணா.”

“பாதிக்கே ஒரு ரிங் விடு. நானும் பாதி தூரம்தான் போவேன். ஷூ மாட்டிட்டு வாசல்ல நிக்கிறேன்.”

விளக்கைப் போட்டுத் துண்டைச் சுருட்டினேன். அவரை ரொம்ப நேரம் நிற்க வைக்கக் கூடாது.